பிரேக் அக்கா போட்ட சம்மணம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவளிடம் கார் ஓட்டப் பழகிய அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும், அவர்கள் வீட்டாருக்கும், உரிமம் கொடுக்கத் தேர்வு வைக்கும் அதிகாரிக்கும்கூட அவள் பிரேக் அக்காதான்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவருக்கும் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். மற்ற பயிற்சியாளர்கள் அதை ஆபத்துக்கு மட்டும்தான் தொடுவார்கள். அக்காவுக்கோ ஆபத்து நூறடிக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து சோம்பல் முறித்தால் போதும், இவள் கால் இறங்கிவிடும். நாய் மறுபடி படுத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் சீட் பெல்ட்டில் தொங்கியபடி, "அக்கா, நானே மிதிச்சிருப்பேனே" என்பார். "மிதிச்சிருப்பே, மிதிச்சிருப்பே. நாய் ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் மிதிச்சிருப்பே" என்பாள். பத்தொன்பது வருடத்தில் அந்த மஞ்சள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

அந்த வலது கால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலும் மிதிப்பாள். டிவியில் யாராவது வேகமாகப் போனால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பாள். வலது செருப்பு மூன்று மாதத்தில் தேய்ந்து தகடாகிவிடும், இடது செருப்பு கடையில் வாங்கிய மேனிக்குப் பளபளக்கும். ஒற்றைச் செருப்பு விற்கிற கடை எங்காவது இருக்கிறதா என்று அவள் உண்மையாகவே விசாரித்திருக்கிறாள்.

இவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவர் தேறிவிட்டார் என்று வாயால் சொல்லவே மாட்டாள். பாராட்டு என்பது அவள் அகராதியில் கிடையாது. ஆனால் ஒரு நாள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான், இனி அந்த ஆளுக்கு பிரேக் அக்கா தேவையில்லை என்று அர்த்தம். "எனக்கு இன்னிக்கு சம்மணம் போட்டுட்டாங்க!" என்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னவர்கள் உண்டு. பல் டாக்டர் ஒருத்தி சம்மணத்தைப் பார்த்ததும் ஆனந்தக் கண்ணீர் விட்டு, கண் மறைத்து, வண்டி சுவர்ப்பக்கம் சாய, சம்மணம் அந்த நிமிடமே ரத்தாகியது. அந்த டாக்டர் மறு சம்மணத்துக்கு ஒன்பது நாள் காத்திருந்தாள்.

இப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் ரோட்டைக் கடக்கவே தெரியாதவள் என்றால் நம்பமாட்டீர்கள். அவளுடைய அப்பா பொத்திப் பொத்தி வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூடவே வந்தார், கல்லூரிக்குக் கூடவே வந்தார், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் வந்து வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். இருபத்திரண்டு வயதில் டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளாகப் பார்த்து அவருக்குக் காய்ச்சல். மகள் தனியாகப் போனாள். ஆபீஸ் எதிர்ப்பக்கம். நடுவில் நாலு வரிசையாக வண்டிகள். நாற்பது நிமிடம் நின்று பார்த்தாள். அப்புறம் ஒரு டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"எங்கேம்மா போகணும்?" என்றார் டாக்ஸிக்காரர்.

"அங்கே" என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.

மனிதர் அவளைப் பார்த்தார், 'அங்கே'யைப் பார்த்தார், ரவுண்டானா வரை போய்த் திரும்பிவந்து எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டார். நல்ல மனிதர், முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிய பிறகுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டுவிட்டது. அந்த மாதமே அப்பாவுக்குத் தெரியாமல் கார் ஓட்டப் பழகச் சேர்ந்தாள். நாலே வருடத்தில் ரோட்டையே பிழைப்பாக்கிக்கொண்டாள். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இப்படி வளர்க்கமாட்டேன், நடக்கத் தெரிந்த அன்றைக்கே ரோட்டில் விட்டுவிடுவேன் என்று தோழிகளிடம் அப்போது வீராப்பாகப் பேசியதும் உண்டு.

பிள்ளை பிறந்தது. பெண். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். நடக்கத் தெரிந்த அன்றைக்கு அம்மா ரோட்டில் விடவில்லை, அறையை விட்டே வெளியே விடவில்லை. இப்போது வாலுவுக்குப் பதினாறு வயது. அம்மாவைவிட ஒரு சாண் உயரம். இன்னமும் காலையில் மஞ்சள் வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் இறங்குகிறாள். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

வாலு படக்கதை வரைகிறவள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கணக்கு இருக்கும், இரண்டாவது பக்கத்திலிருந்து கட்டம் கட்டமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த வருட விடுமுறைக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல், ஆறு பக்கம் வரைந்து எங்கோ அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். வேறொரு ஊர் நூலகத்தில் பத்து நாள் படக்கதை முகாம், அங்கேயே தங்கவேண்டும், இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ரயிலில் மூன்று மணி நேரம் போய், ஒரு சந்திப்பில் இறங்கி, வேறு ரயில் பிடித்து இன்னும் ஒன்றரை மணி நேரம் போகவேண்டும்.

அம்மாவுக்குப் பெருமை பிய்த்துக்கொண்டு வந்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிப்பதற்குள் வாலு சொல்லிவிட்டாள்.

"நான் தனியா போறேம்மா."

"சரி. நான் கொண்டுவந்து விடறேன்."

"தனியான்னா, நீ இல்லாமன்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியாதா? ரயில்ல நீ தனியா உக்காரு. நான் அடுத்த பெட்டியில உக்காந்துக்கறேன்."

"எல்லாரும் தனியாத்தான் வர்றாங்கம்மா."

"எல்லாரும்னா எத்தனை பேரு?"

வாலு கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு பேரு."

"யாரு ரெண்டு பேரு?"

"ஒரு அக்கா. இருபது வயசு."

"இன்னொருத்தி?"

"இன்னொருத்தி நான்தான்."

அறையின் மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அது வாலுவின் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தே பழகிய மனிதர். மனைவி முறைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன்கிட்ட வர்றவங்களை முதல் நாளே நெடுஞ்சாலையிலயா விடறே? காலி மைதானத்துல ஓட்டச் சொல்றேல்ல? இவளுக்கும் ஒரு மைதானம் குடு. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை வாலு தனியாக பஸ்ஸில் போகவேண்டும். நகரத்தின் மறுகோடியில், பதினோராவது நிறுத்தத்தில் ஒரு காகிதக் கடை இருக்கிறது. அங்கே வரைதாளும் கறுப்பு மையும் வாங்கிக்கொண்டு திரும்பிவர வேண்டும். ஒழுங்காக வந்துவிட்டால் முகாம் பற்றிப் பேசலாம். கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவுக்கு ஒரு வகுப்பு இருந்தது. மாணவர் அறுபத்திரண்டு வயதுக்காரர். தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், அதனால் பென்ஷன்காரர். நாற்பத்து நாலு வகுப்பு முடிந்தும் சம்மணம் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். அக்காவுக்கு வழக்கமான பாதையில் போகவேண்டும் என்றுதான் எண்ணம். நம்புங்கள். ஆனால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, வாலு பச்சை பஸ்ஸில் ஏறுவது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"சார், இன்னிக்கு வேற பாதை. முன்னால அந்தப் பச்சை பஸ் போகுதில்ல, அதுக்குப் பின்னாலயே போங்க."

"இது நம்ம பாடத்துல இருக்காம்மா?"

"இருக்கு சார். எட்டாவது பாடம்."

"எட்டாவது பாடம் ரிவர்ஸ்னு சொன்னீங்களே."

"இது எட்டு ஆ. போங்க சார்."

பென்ஷன்காரர் கடமை தவறாதவர். முப்பத்தைந்து வருடம் மேலதிகாரி சொன்னதைச் செய்த பழக்கம். பஸ் நின்றால் நின்றார், போனால் போனார். அக்கா அவருடைய செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு, இருக்கையில் சறுக்கிக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டாள். இனி யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. வண்டியோ பளிச்சென்ற மஞ்சள். கூரைமேல் ஒரு முழ நீளப் பலகை, அதில் சிவப்பு எழுத்தில் 'பழகுநர் ஓட்டுகிறார், பொறுத்தருள்க'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் பூசணிக்காய்மேல் பலகையும் மாட்டிப் போன் நம்பரும் எழுதி மறைத்தாள்.

ஒன்பதாவது நிறுத்தத்தில் வாலு இறங்கினாள்.

"ஐயோ, இது இல்லடி, இன்னும் ரெண்டு இருக்கு!" என்றாள் அக்கா, செய்தித்தாளிடம். அவள் சொல்லி முடிப்பதற்குள் கால் இறங்கிவிட்டது. மஞ்சள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நாற்சந்தியின் நடுவில் செத்து நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. பென்ஷன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாலு வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள், நிதானமாகக் கடந்துவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"அம்மா, பேப்பரை இறக்கு. தலைகீழா பிடிச்சிருக்கே."

அக்கா இறக்கினாள்.

"நாலாவது ஸ்டாப்புலயே பாத்துட்டேன். நான் மட்டுமில்ல, பஸ்ஸே பாத்துது. அந்த வண்டிக்கு என்ன வேணுமாம்னு கண்டக்டர் என்னைக் கேட்டாரு. நீ எதுவரைக்கும் வர்றேன்னு பாக்கத்தான் இங்க இறங்கினேன்." அப்புறம் குனிந்து பென்ஷன்காரரைப் பார்த்து, "சார், பதட்டப்படாதீங்க. கியரை எடுங்க. கிளட்சை முழுசா மிதிங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. இப்போ மெதுவா விடுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன வாசகங்கள். வண்டி கிளம்பியது. வாலு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். தாளும் மையும் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டரைக்கு பஸ்ஸிலேயே வீடு வந்து சேர்ந்தாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கையும் களவுமா மாட்டினதுகூடப் பரவாயில்ல. பேப்பர் தலைகீழாவா?" என்றார். அத்தோடு அவரோடும் பேச்சில்லை என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா மேசையைத் துடைக்கப் போனபோது வாலுவின் நோட்டு திறந்து கிடந்தது. மறதியாகவா, வேண்டுமென்றேவா, அது வாலுவுக்குத்தான் வெளிச்சம். பக்கத்தில் ஆறு கட்டம். மேலே 'கால்' என்று தலைப்பு. முதல் கட்டத்தில் ஒரு கைக்குழந்தை தவழ்கிறது, அதற்கு முன்னால் பெரிய வலது கால் ஒன்று இறங்குகிறது. அடுத்ததில் குழந்தை சைக்கிள் ஏறுகிறது, கால் இறங்குகிறது. அப்புறம் பள்ளிக்கூட வாசல், நீச்சல் குளம், பச்சை பஸ். எல்லாவற்றிலும் அதே கால். கடைசிக் கட்டத்தில் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது, ஆனால் பிள்ளையைக் காணவில்லை. செருப்பின் குதிப்பக்கம் தேய்ந்த இடத்தைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த அறைக்குப் போய், "ஆறு கட்டத்துல என் மூஞ்சி எங்கடி?" என்றாள்.

வாலு பேனாவை மூடினாள். "பின் சீட்டுல உக்காந்து வளர்ந்தவ நான். நீ எப்பவும் ரோட்டைத்தான் பாத்துட்டிருப்பே. நடுவுல எட்டிப் பாத்தா எனக்குத் தெரியறது உன் கால்தான்."

"உன் நல்லதுக்குத்தானே..."

"தெரியும்மா. ஆனா நான் ஓட்டும்போது நீ மிதிச்சுட்டா, நான் மிதிச்சிருப்பேனா மாட்டேனான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

  எதிர்ப்பக்கத்தைக் காட்டி டாக்ஸியில் ஏறிய அந்தப் பெண்ணின் ஞாபகம் அக்காவுக்கு வந்தது. அவளுக்குக் கடக்கத் தெரியாமல் இல்லை. தெரியுமா தெரியாதா என்று பார்க்க யாரும் அவளை விடவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, "போயிட்டு வா" என்றாள். சொன்ன கையோடு நிபந்தனைப் பட்டியலையும் நீட்டினாள். பதினாலு இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் போன் பண்ணவேண்டும் என்பது அதில் முதலாவது. வாலு பேனாவை எடுத்து உட்கார்ந்து அடித்து அடித்து இரண்டாக்கினாள். சந்திப்பில் இரண்டாவது ரயில் ஏறியதும் ஒரு போன், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்.

"நடுவுல நான் பண்ணுவேன்" என்றாள் அக்கா.

"முடியாது. ஓட்டிட்டிருக்கிறவங்களுக்கு போன் பண்ணக் கூடாது. உன் ரூல்தான், வண்டிக் கதவுலயே எழுதி ஒட்டியிருக்கே."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப சுத்தமாக இருந்த கண்ணாடியை.

புறப்படும் நாளும் வந்தது. எட்டு மணி ரயில். வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து, வரைதாள் சுருளை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். அக்கா எதையெதையோ சொன்னாள். தண்ணீர் குடி, பையை விட்டு நகராதே, தெரியாதவர்கள் கேட்டால் பேசாதே, வழி தெரியாவிட்டால் யாரையாவது கேள். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று உதைக்கிறதே என்று யாரும் சுட்டிக்காட்டவில்லை. ரயில் நகர்ந்தது. நடைமேடைச் சிமெண்டில் அவள் வலது கால் அழுந்தியது. ரயில் அதையெல்லாம் சட்டைசெய்யவில்லை.

சந்திப்புக்குப் பதினொன்று பத்துக்குப் போய்ச் சேரும். அடுத்த ரயில் பதினொன்று முப்பத்தைந்து. நாற்பதுக்குள் போன் வந்துவிடவேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பதினொன்றேகாலுக்குப் பென்ஷன்காரரை வரச் சொல்லியிருந்தாள். அவர் வந்தார், பெல்ட் மாட்டினார், கண்ணாடியைச் சரிசெய்தார், கிளம்பினார். போனை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பது ஆயிற்று. போன் வரவில்லை. ஏறிய களைப்பு, இடம் தேடுவாள், இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். ஐம்பது ஆயிற்று.  பையை யாரோ இழுத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. படியில் கால் வழுக்குவது தெரிந்தது. எங்கோ போகிற ரயிலில் ஏறி எங்கோ போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. அவளுடைய தொழிலே நடக்காததை முன்கூட்டிப் பார்ப்பதுதானே, கேட்கவா வேண்டும்.

"எந்தப் பக்கம்மா?" என்றார் பென்ஷன்காரர்.

"எங்கேயாவது போங்க சார்."

மூன்று முறை போனைக் கையில் எடுத்தாள். மூன்று முறையும் கதவில் அவள் கையாலேயே ஒட்டிய சீட்டு எதிரில் வந்து நின்றது. 'ஓட்டுபவரை அழைக்காதீர்.' கீழே வைத்தாள். பன்னிரண்டு மணிக்குக் கணவருக்கு அடித்தாள்.

"உங்களுக்கு வந்துதா?"

"இல்லையே. நான் ஒரே லென்ஸை மூணு தடவை தேச்சுட்டேன். யாரோ ஒரு பெரியவருக்கு இன்னிக்கு சுவருக்கு அந்தப் பக்கமும் தெரியப் போகுது."

வழக்கமாக இந்தப் பேச்சுக்கு அவளுக்குக் கோபம் வரும். இன்றைக்கு வரவில்லை. அந்த மனிதரும் பயந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் நெடுஞ்சாலை பிரியும் இடம் வந்தது. இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை. விரட்டி ஓட்டினால் மூன்றரை மணி நேரத்தில் சந்திப்பில் நிற்கலாம். பென்ஷன்காரரை இறக்கிவிட்டு அவளே ஓட்டலாம். அவளுடைய கை இடது பக்கம் காட்ட எழுந்தது.

"லெஃப்ட்டாம்மா, நேராவா?"

கை அந்தரத்தில் நின்றது. நாலாவது நிறுத்தத்திலேயே தன்னைப் பார்த்துவிட்ட மகள், பிள்ளையைக் காணாத அந்தக் கடைசிக் கட்டம், இரண்டும் மனதில் வந்து போயின. நான் போய் நின்றால் அவள் இனி என்னிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்யமாட்டாள் என்று தோன்றியது. போகாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்றும் தோன்றியது. 

"நேரா போங்க சார்" என்றாள். அந்த மூன்று சொல்லைச் சொல்ல அவளுக்கு இருந்த தெம்பெல்லாம் செலவாயிற்று.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வண்டி பயிற்சிப் பள்ளி வாசலில் ஓரமாக, கோட்டுக்குள் அச்சாக நின்றது. பென்ஷன்காரர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சார்."

"இன்னிக்கு நீங்க ஒரு தடவைகூட மிதிக்கல."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கடைத்தெரு வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரி முனையைத் தாண்டித்தான் வந்திருக்கவேண்டும். அவளுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை.

"குறுக்க யாரும் வரலையா?"

"வந்தாங்களே. ஆஸ்பத்திரிகிட்ட ஒரு குழந்தை பந்து பின்னால ஓடி வந்துது. நிறுத்தினேன். எடுத்துட்டுப் போயிடுச்சு."

"எப்போலேர்ந்து சார் இப்படி ஓட்டறீங்க?"

"பத்தாவது வகுப்புலேர்ந்தே ஓட்டியிருப்பேன்னு நினைக்கறேன்" என்றார் அவர் பணிவாக. "சான்ஸ்தான் கிடைக்கல."

அப்போதுதான் போன் அடித்தது. அடித்த அதிர்ச்சியில் அக்காவின் கால் சடாரென்று இறங்கி, நின்றுகொண்டிருந்த வண்டியை இன்னொரு முறை நிறுத்தியது.

"அம்மா, ரெண்டாவது ரயில் ஏறிட்டேன்." பின்னால் ரயில் சத்தம். "பதினொன்னு முப்பத்தஞ்சை விட்டுட்டேன். மூணாவது பிளாட்பாரம்னு நின்னேன், கடைசி நேரத்துல அஞ்சுக்கு மாத்திட்டாங்க. படி ஏறி இறங்கறதுக்குள்ள கண்ணு முன்னாலயே போயிடுச்சு."

"அழுதியா?"

"ரெண்டு நிமிஷம். அப்புறம் விசாரிக்கிற ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன். அடுத்தது பன்னிரண்டு இருபதுன்னாங்க, இதே டிக்கெட் செல்லும்னாங்க. முகாம் மேடத்துக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லிட்டேன். ஜன்னல் சீட்டும் கிடைச்சுது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று தெரியாமல் இரண்டும் முட்டிக்கொண்டன. உடம்பில் காலையிலிருந்து முறுக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அப்பாடா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அப்புறம் கோபம் தன் பங்குக்கு வந்து சேர்ந்தது.

"ஏண்டி, ரயிலை விட்டதும் சொல்லியிருக்கலாமில்ல? இங்க உயிர் போயிட்டு வந்துது."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். "வண்டியைக் கிளப்பியிருப்பேன்."

"அதான்."

 பிறகு வாலு, முன்பு நாற்சந்தியில் இல்லாத குரலில், கொஞ்சம் சின்னப் பிள்ளையாகவே கேட்டாள்.

"அம்மா, இப்போ எப்படி உக்காந்திருக்கே?"

அக்கா குனிந்து பார்த்தாள். சாவி பென்ஷன்காரர் கையில் இருந்தது. இன்ஜின் அணைந்து கிடந்தது. அவளுடைய வலது கால் மட்டும் பிரேக்கைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது. பென்ஷன்காரரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா செருப்பைக் கழற்றினாள். தேய்ந்ததையும் தேயாததையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடித்துவைத்தாள்.

"சம்மணம்" என்றாள்.

"பொய் சொல்லாதே."

"சார்கிட்டயே கேளு."

போனை நீட்டினாள். பென்ஷன்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல முன்னால் சாய்ந்து நன்றாகப் பார்த்தார்.

"சம்மணம்தான் பாப்பா. ரெண்டு காலும் மேலதான் இருக்கு. ஆனா இது உனக்குப் போட்டதா, எனக்குப் போட்டதான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. நாற்பத்தாறு வகுப்பா காத்திருக்கேன்."

ரயில் சத்தத்துக்கு மேலே வாலு சிரிப்பது காருக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டு பேருக்கும்தான் சார்" என்றாள் பிரேக் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பெரியவர் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்குச் சொல்ல வேகமாக நடந்தார். அவள் போனில் பேசிக்கொண்டே இருந்தாள். மடித்த வலது கால் மரத்துப்போனது. அதை அவள் கீழே இறக்கவில்லை.